தீயிலும் தளராத உலோகம்

கொல்லன் உலைக்களத்தில் இரும்பு படும் பாட்டைக் கண்டவர் ஓர் உண்மையை உணர்ந்திருப்பர். குளிர்ந்த நிலையில் சம்மட்டியால் எத்துணை ஓங்கி அடித்தாலும் எளிதில் வளையாத இரும்பு, கரி நெருப்பிற் சிறிது நேரம் கிடந்து சிவந்த பின்னர், கொல்லனின் கருத்துக்கு இசைந்து அரிவாளாகவும் கொழுவாகவும் உருமாறுகின்றது. வெப்பம் உலோகத்தின் உறுதியைத் தளர்த்திவிடுகின்றது. இவ்வியல்பு கொல்லனுக்கு வரமாகும். ஆனால் நெருப்பின் நடுவிலேயே ஓயாது உழைக்க வேண்டிய பொறியை அமைப்பவனுக்கு இதுவே பெருந்தடையாகும்.

கட்டடங்களில் பயன்படும் சாதாரண எஃகு, ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தன் வலிமையில் பாதியளவை இழந்துவிடும். பெருந்தீ பற்றிய கட்டடங்களில் எஃகு உத்திரங்கள் உருகாமலேயே தொய்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே. ஆயினும், வானில் பறக்கும் ஜெட் விமானத்தின் எஞ்சினுள் சில உலோக உறுப்புகள் ஏறத்தாழ 1,000 டிகிரி வெப்பத்தில், பல டன் இழுவிசையைத் தாங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கின்றன. அவை நிக்கலை அடிப்படையாகக் கொண்டு ஆக்கப்பட்ட உலோகக் கலவைகள். ஆங்கிலேயர் இவற்றைச் 'சூப்பர் அலாய்' என்பர். தமிழில் மீக்கலவை எனலாம். வெப்பத்தில் தளராத இவ்வுலோகங்களை மாந்தர் படிப்படியாகக் கண்டடைந்த வரலாறு, அறிவின் வரலாறு மட்டுமன்று, பொறுமையின் வரலாறுமாகும்.

முதற்கண் ஜெட் எஞ்சின் இயங்கும் முறையை அறிதல் வேண்டும். எஞ்சினின் முன்புறத்தில் காற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. சுழலும் பொறியொன்று அக்காற்றை அமுக்கி நெருக்குகின்றது. நெருக்கப்பட்ட காற்றில் எரிபொருள் தெளிக்கப்பட்டு எரிகின்றது. அதனால் விளையும் வெங்காற்று பெருவேகத்துடன் பின்னோக்கிப் பாய்கின்றது. அது பாயும் வழியில் டர்பைன் என்னும் சக்கரம் உள்ளது. அதன் விளிம்பைச் சுற்றிலும் மலரிதழ்களைப் போன்று பல தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. தொழிலாளர் இவற்றைப் 'பிளேடு' என்பர்; இங்கு இதழ் என்று குறிக்கலாம். வெங்காற்று இதழ்களைத் தள்ளச் சக்கரம் சுழல்கின்றது. அச்சுழற்சியே முன்னுள்ள பொறியையும் சுழற்றிக் காற்றை அமுக்கச் செய்கின்றது. எஞ்சிய வெங்காற்று பின்புறமாக வெளியேற, விமானம் முன்னோக்கி உந்தப்படுகின்றது.

மோட்டார் வண்டியின் எஞ்சினிலும் நெருப்பு உண்டு. ஆனால் அங்கே எரிபொருள் கணநேரம் எரிந்து அடங்கும். உடனே குளிர்ந்த காற்று உட்புகும். உலோகத்திற்குச் சிறிது ஓய்வு கிடைக்கும். டர்பைன் இதழுக்கோ ஓய்வென்பதே இல்லை. எஞ்சின் இயங்கும் நேரம் முழுவதும் அது வெங்காற்றிலேயே நிற்கின்றது. அதனோடு சுழற்சியால் விளையும் இழுவிசையும் சேர்கின்றது. கவணில் வைத்துச் சுழற்றப்படும் கல் வெளிநோக்கிப் பாய முயல்வது போல, ஒவ்வோர் இதழும் சக்கரத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு ஓட முயல்கின்றது. 300 கிராம் எடையுள்ள ஓரிதழ், அச்சிலிருந்து 35 சென்டிமீட்டர் தொலைவில், நிமிடத்திற்கு 12,000 சுற்று வேகத்தில் சுழலுமாயின், அதனை இழுக்கும் விசை ஏறத்தாழ 17 டன் எடைக்கு ஒப்பாகும். கணக்குப் பயிலும் மாணவர் இதனைத் தாமே கணித்துக் காணலாம். ஓரிதழ் முறிந்து பறக்குமாயின், அது எஞ்சினையே சிதைத்துவிடக்கூடும். விமானத்திற் செல்வோரின் உயிர்கள், கைக்கு அடங்கும் இவ்விதழ்களின் உறுதியையும் சார்ந்தே உள்ளன.

இங்கிலாந்து நாட்டினராகிய பிராங்க் விட்டில், 1929-ஆம் ஆண்டில், தம் இருபத்திரண்டாம் வயதில், விமானத்தைச் செலுத்த இத்தகைய எஞ்சின் உதவும் எனக் கருதினார். அவர் அப்போது அந்நாட்டு விமானப் படையில் இளம் அதிகாரியாக இருந்தார். அவர்தம் திட்டத்தைக் கண்ட விமானத் துறையினர் அதனை ஏற்கவில்லை. அத்துணை வெப்பத்தையும் இழுவிசையையும் ஒருங்கே தாங்கவல்ல பொருள் இல்லை என்பதே அவர்கள் காட்டிய காரணம். அக்காரணம் வீண் மறுப்பன்று. அந்நாளில் அது மெய்யே. எண்ணம் பிறந்துவிட்டது, அதனைத் தாங்கும் உலோகம் பிறக்கவில்லை.

விட்டில் மனந்தளரவில்லை. 1930-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தம் திட்டத்திற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1935-ஆம் ஆண்டில் அவ்வுரிமையைப் புதுப்பிக்க வேண்டிய 5 பவுன் கட்டணத்தைச் செலுத்த இயலாமையால் அது காலாவதியாயிற்று. எனினும் நண்பர்களின் துணையால் 1936-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் தோன்றியது. 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் அவருடைய எஞ்சின் தரையில் முதன்முறையாக இயங்கியது. 1941-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், கிரான்வெல் என்னும் இடத்தில், அவருடைய எஞ்சின் பூட்டிய விமானம் வானில் எழுந்து 17 நிமிடம் பறந்தது. அதற்கு முன்னரே, 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓஹைன் என்பார் அமைத்த ஜெட் எஞ்சினைக் கொண்ட விமானம் பறந்திருந்தது. எஞ்சின் பறக்க வல்லது என்பது உறுதியாயிற்று. நெடுநாள் உழைக்க வல்லதா என்பதே எஞ்சிய வினா. தொடக்கத்தில் சிறப்பு வகை எஃகால் ஆக்கப்பட்ட இதழ்கள் வெப்பத்தில் மெல்ல மெல்லத் தளர்ந்தன.

இத்தளர்ச்சியின் தன்மையை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். நூல்கள் நிறைந்த மரப்பலகை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நூல்களை அடுக்கிய நாளில் அது வளைவதில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தால் நடுவில் தொய்ந்திருக்கும். சுமை கூடவில்லை, காலமே கூடியது. வெப்பத்தில் நிற்கும் உலோகமும் இவ்வாறே நடந்துகொள்கின்றது. உடனே முறிக்கப் போதாத சுமையும் நாள்தோறும் அதனைச் சிறிது சிறிதாக நீளச் செய்கின்றது. கண்ணுக்குப் புலப்படாமல் நத்தையைப் போல் ஊர்ந்து வளரும் இந்நீட்சியை ஊர்வு என்று கூறலாம். ஆண்ட்ரேடு என்னும் ஆங்கில அறிஞர் உலோகங்களின் ஊர்வை அளந்து ஆராய்ந்து 1910-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார்.

ஊர்வை அளக்கும் முறை எளியது. உலோகக் கம்பி ஒன்றை உலையினுள் நிறுத்தி, அதன் கீழ்முனையில் எடையைத் தொங்கவிட்டு, நீட்சியை நாள்தோறும் குறித்து வருவர். தொடக்கத்தில் கம்பி சற்று விரைந்து நீளும். பின்னர் நெடுங்காலம் ஒரே சீராக மெல்ல நீளும். இறுதியில் நீட்சி விரைவுபெற்றுக் கம்பி அறும். நூற்றுக்கணக்கான மணி நேரமும் ஆயிரக்கணக்கான மணி நேரமும் இச்சோதனை நீடிக்கும். பத்துச் சென்டிமீட்டர் நீளமுள்ள இதழ் நூற்றில் ஒரு பங்கு நீண்டால், அது ஒரு மில்லிமீட்டர் ஆகும். இதழின் நுனிக்கும் அதனைச் சூழ்ந்த கூட்டிற்கும் இடையே விடப்படும் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர் கூட இராது. ஆகவே, அறுந்து விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறிது நீண்டாலே கேடு நேரும்.

இத்தகைய ஊர்வை எதிர்த்து நிற்கும் உலோகத்தைத் தேடியோர் இறுதியில் நிக்கலை வந்தடைந்தனர். நிக்கலின் பெயருக்கு ஒரு கதை உண்டு. முற்காலத்தில் ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் செம்பு நிறக் கல் ஒன்றைக் கண்டு, செம்பு கிடைக்கும் என மகிழ்ந்து உருக்கினர். செம்பு கிடைக்கவில்லை, அதிலிருந்த ஆர்சனிக் நஞ்சால் நோயே கிடைத்தது. குறும்புப் பேயொன்று செம்பை மாயமாக மறைத்துவிட்டது என்று கருதி, அக்கல்லுக்குப் 'பேய்ச்செம்பு' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். 1751-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் குரோன்ஸ்டெட் இத்தகைய தாதிலிருந்து புதிய உலோகம் ஒன்றைப் பிரித்தார். பேயின் பெயரே சுருங்கி நிக்கல் என அவ்வுலோகத்திற்கு நிலைத்தது.

நிக்கல் உருகும் வெப்பநிலை 1,455 டிகிரி. இரும்பு உருகும் வெப்பநிலை 1,538 டிகிரி. அங்ஙனமாயின் இரும்பை விடுத்து நிக்கலைத் தேர்ந்தது ஏன்? உருகும் வெப்பநிலை ஒன்றே வலிமையை உறுதி செய்வதில்லை. இரும்பின் அணுக்கள் 912 டிகிரியில் தம் அடுக்குமுறையையே மாற்றிக்கொள்கின்றன. நிக்கலின் அணுக்களோ உருகும் வரை ஒரே முறையில் நெருங்கி அடுங்கியுள்ளன. டங்ஸ்டன் 3,400 டிகிரிக்கு மேலேயே உருகும். ஆனால் செந்தணலாகக் காய்ந்த நிலையில் காற்றுப் பட்டால் உயிர்வளியோடு கூடிச் சிதைந்துவிடும். நிக்கலோ காற்றை ஓரளவு தாங்குவது. வேறு உலோகங்கள் பலவற்றைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் பெருந்தன்மையும் உடையது. துணைவர்களை ஏற்கும் இவ்வியல்பே பிற்கால வளர்ச்சிக்கெல்லாம் வித்தாயிற்று.

முதலில் வந்த துணை குரோமியம். 1906-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஆல்பர்ட் மார்ஷ், நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். நூற்றுக்கு எண்பது பங்கு நிக்கலும் இருபது பங்கு குரோமியமும் சேர்ந்த கலவை, மின் அடுப்புகளில் செக்கச் சிவந்து எரியும் கம்பியாகப் புகழ்பெற்றது. குரோமியம் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி, உலோகத்தின் மேற்பரப்பில் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றது. இரும்பின் துருவைப் போல் உதிர்ந்துவிடாமல், இப்படலம் கவசம் போல ஒட்டி நின்று உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கின்றது. தீயில் எரியாத உலோகம் இவ்வாறு கிடைத்தது. ஆனால் அது தீயில் பெருஞ்சுமையைத் தாங்கும் உலோகம் அன்று.

அடுத்த படியை அமைத்தவர்கள் டைட்டானியத்தையும் அலுமினியத்தையும் சேர்த்தவர்கள். 1929-ஆம் ஆண்டளவில் பெட்போர்டு, பில்லிங், மெரிக்கா ஆகியோர், நிக்கல் குரோமியக் கலவையில் இவற்றைச் சிறிதளவு சேர்த்து, ஊர்வு பெரிதும் குறைவதைக் கண்டனர். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் மாண்ட் நிக்கல் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், லெனார்டு பைல் என்பவர் வழிகாட்ட, ஜெட் எஞ்சினின் இதழுக்கு உகந்த கலவையைத் தேடினர். ஒன்றன்பின் ஒன்றாகக் கலவைகளை உருக்கினர், உலையில் தொங்கவிட்டனர், நீட்சியை அளந்தனர். 1941-ஆம் ஆண்டளவில் நிமோனிக் 80 என்னும் கலவை உருவாயிற்று. போரின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் ஜெட் எஞ்சின்களுக்கு இக்கலவையாலாகிய இதழ்கள் பெருந்துணையாயின.

அதே காலத்தில் ஜெர்மனியின் நிலை வேறாக இருந்தது. அந்நாட்டு அறிஞர்கள் ஆற்றலிற் குறைந்தவர் அல்லர். ஆனால் போரின் காரணமாக அவர்களுக்கு நிக்கலும் குரோமியமும் போதிய அளவு கிடைக்கவில்லை. எரியறைகளைச் சாதாரண எஃகால் செய்து, அலுமினியப் பூச்சிட்டுப் பயன்படுத்தினர். இதழ்களை உள்ளே குடைந்து, காற்றைச் செலுத்திக் குளிர்வித்தனர். இவ்வளவு திறமையும் காட்டிய பின்னரும், 1944-ஆம் ஆண்டில் போரில் ஈடுபட்ட அவர்களுடைய யூமோ 004 எஞ்சின் ஏறத்தாழ 10 முதல் 25 மணி நேரமே உழைத்தது. அறிவு இருந்தும் உலோகம் இல்லையேல் எஞ்சின் நிலைத்து உழைப்பதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

சிறிதளவு டைட்டானியமும் அலுமினியமும் இத்துணை வலிமையை எவ்வாறு தருகின்றன? இதனை அறிய உலோகத்தின் உள்ளமைப்பைக் காணுதல் வேண்டும். உலோகத்தின் அணுக்கள் ஒழுங்காக வரிசை வரிசையாய் அடுங்கியுள்ளன. ஆயினும் அவ்வரிசைகளுக்கிடையே ஆங்காங்கே பிழைகள் உண்டு. இவற்றைப் பிறழ்வுகள் என்பர். பெரிய ஜமக்காளம் ஒன்றைத் தரையில் இழுத்து நகர்த்துவது கடினம். ஆனால் ஒரு முனையில் சிறு மடிப்பை உண்டாக்கி, அம்மடிப்பை மறுமுனை வரை தள்ளிச் சென்றால், ஜமக்காளம் எளிதாகச் சிறிது நகர்ந்துவிடும். உலோகத்தினுள் பிறழ்வு அம்மடிப்பைப் போன்றது. அது ஓடுமாயின் உலோகம் உருக்குலையும். வெப்பம் மிகுந்தால் அது மிக எளிதாக ஓடும். ஆகவே பிறழ்வின் ஓட்டத்தைத் தடுப்பதே உலோகத்தை வலிமையாக்கும் வழியாகும்.

திருவிழாவில் தேர் ஓடும்போது அதன் சக்கரத்தினடியில் முட்டுக்கட்டை இடுவதை மாணவர் கண்டிருப்பர். மலை போன்ற தேரை நிறுத்துவது அச்சிறு கட்டையே. நிக்கல் கலவையிலும் இத்தகைய முட்டுக்கட்டைகள் உண்டு. கலவையை உரிய முறையில் சூடாக்கிக் குளிர்விக்கும்போது, மூன்று நிக்கல் அணுக்களுக்கு ஓர் அலுமினிய அணு என்ற கணக்கில் அமைந்த நுண்ணிய துகள்கள் உள்ளுக்குள் தோன்றுகின்றன. ஒரு கனசதுரத்தை எண்ணுக. அதன் எட்டு மூலைகளிலும் அலுமினிய அணுக்களும், ஆறு முகங்களின் நடுவில் நிக்கல் அணுக்களும் உள்ளன. மூலையிலுள்ள அணுவை எட்டுக் கனசதுரங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. முகத்திலுள்ள அணுவை இரண்டு பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே ஒரு கனசதுரத்தின் பங்கு அலுமினியம் ஒன்று, நிக்கல் மூன்று. டைட்டானிய அணுக்களும் அலுமினியத்தின் இடத்தில் அமரவல்லன. அறிவியலார் இத்துகளைக் காமா பிரைம் என்பர்.

இத்துகள்களின் அணு வரிசையும் சுற்றியுள்ள நிக்கலின் அணு வரிசையும் ஏறத்தாழ ஒரே இடைவெளி உடையன. ஆதலால் இழையோடு இழை சேர நெய்த துணியைப் போல இரண்டும் விரிசலின்றிப் பொருந்துகின்றன. பிறழ்வு நிக்கலினுள் ஓடிவந்து துகளின் வாயிலில் தடைப்படுகின்றது. துகளுள் நுழைய வேண்டுமாயின், எந்த அணுவுக்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்னும் அதன் ஒழுங்கைக் குலைக்க வேண்டும். அதற்கு மிகுந்த விசை தேவை. அக்காலத்து நுண்ணோக்கிகளுக்கு நிமோனிக் கலவையின் இத்துகள்கள் புலப்படவில்லை. பயனை முதலில் கண்டனர். காரணத்தை மின்னணு நுண்ணோக்கி பின்னரே காட்டியது. இன்றைய கலவைகளில் இவை பக்கம் ஏறத்தாழ அரை மைக்ரான் உடைய கனசதுரங்களாக, செங்கல் அடுக்கியது போல, உலோகத்தின் பருமனில் நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பங்கு வரை நிறைந்துள்ளன.

இத்துகளுக்கு வியத்தகு பண்பொன்று உண்டு. பெரும்பாலான பொருள்கள் வெப்பம் ஏற ஏற வலிமை குன்றும். காமா பிரைமோ ஏறத்தாழ 700, 800 டிகிரி வரை வெப்பம் ஏற ஏற வலிமை மிகுகின்றது. வெப்பத்தின் தூண்டுதலால் பிறழ்வின் பகுதிகள் தாம் ஓடும் தளத்தை விட்டு வேறு தளத்தில் விலகி, அங்கேயே சிக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். உலோகத்தைத் தளர்த்த வந்த வெப்பமே அதன் தளைகளை இறுக்குகின்றது.

காமா பிரைமை மிகுதியாக்க வேண்டுமாயின் அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் கூட்ட வேண்டும். இவையிரண்டும் உருகிய நிலையில் காற்றோடு விரைந்து கூடிக் கழிவாகும் தன்மையுடையன. 1950-களில் காற்றை நீக்கிய வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கும் முறை பரவியது. அதன் பின்னரே செறிந்த கலவைகள் கைகூடின. வலிமை மிகுந்த அக்கலவைகளைச் சம்மட்டியால் அடித்து உருவாக்குவது அரிதாயிற்று. ஆகவே வார்ப்பு முறை முதலிடம் பெற்றது. அம்முறை தமிழர்க்குப் புதியதன்று. சுவாமிமலைச் சிற்பியர் மெழுகில் திருமேனியைச் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகின்றனர். டர்பைன் இதழும் இவ்வாறே மெழுகில் பிறக்கின்றது. களிமண்ணின் இடத்தில் உயர்வெப்பம் தாங்கும் பீங்கான் குழம்பு பூசப்படுகின்றது.

வார்த்த உலோகத்தில் இன்னொரு குறை வெளிப்பட்டது. கற்கண்டுக் கட்டியைத் தட்டினால் பெரும்பாலும் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய இடங்களிலேயே அது பிரிகின்றது. உலோகமும் எண்ணற்ற படிக மணிகள் ஒட்டிய கட்டியே. உயர்ந்த வெப்பத்தில் மணிகள் சந்திக்கும் எல்லைகளே முதலில் தளர்கின்றன. அங்கே நுண்ணிய துளைகள் தோன்றிப் பிளவாகின்றன. இழுவிசைக்குக் குறுக்கே அமைந்த எல்லைகளே மிகக் கொடியவை. இதனை உணர்ந்த அமெரிக்க அறிஞர் வெர்ஸ்னைடரும் அவர்தம் துணைவரும், 1960-களில், படிகங்கள் யாவும் இதழின் நீளவாக்கிலேயே வளருமாறு உலோகத்தை உறையச் செய்தனர். குறுக்கு எல்லைகள் மறைந்தன.

அடுத்து எழுந்த வினா இயல்பானது. எல்லைகளே குறையாயின், எல்லையே இல்லாமல் ஓரிதழை ஒரே படிகமாக வளர்த்தால் என்ன? இதற்கு எளிய சூழ்ச்சி ஒன்று உதவியது. அச்சின் அடியில் குளிர்ந்த செப்புத் தட்டு உள்ளது. அதன்மேல் பல படிகங்கள் தோன்றி மேல்நோக்கி வளர்கின்றன. அவற்றிற்கும் இதழின் அச்சிற்கும் இடையே திருகுசுருள் போன்ற குறுகிய வழி அமைந்துள்ளது. அவ்வழியே வளரும் படிகங்கள் ஒன்றையொன்று நெருக்க, ஒன்றே வெளியேறி மேலே செல்கின்றது. உலையிலிருந்து அச்சை நிமிடத்திற்குச் சில மில்லிமீட்டர் வீதம் மெல்லக் கீழிறக்க, அந்த ஒற்றைப் படிகமே முழு இதழாக வளர்கின்றது. இவ்வகை இதழ்கள் 1980-களின் தொடக்கத்தில் பயணி விமானங்களில் இடம்பெற்றன. பின்னர் ரீனியம் என்னும் அரிய உலோகத்தை நூற்றுக்கு மூன்று பங்களவில் சேர்த்தனர். அதன் பருத்த அணுக்கள் மெல்லவே நகர்வதால் ஊர்வு மேலும் குறைந்தது.

இன்றைய எஞ்சின்களில் டர்பைனை அடையும் காற்றின் வெப்பம் 1,500 டிகிரியையும் கடக்கின்றது. நிக்கல் மீக்கலவைகளோ 1,300 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்குவன. உருக்கும் வெப்பத்தினும் மிகுந்த வெப்பத்தில் இதழ் எவ்வாறு நிற்கின்றது? இதழின் உள்ளே நுண்ணிய குடைவழிகள் உண்டு. அவற்றினூடே ஒப்புநோக்கில் குளிர்ந்த காற்று செலுத்தப்படுகின்றது. அது மேற்பரப்பிலுள்ள சிறுதுளைகள் வழியே வெளிப்பட்டு இதழைப் போர்வை போல் மூடுகின்றது. அதன்மேல் சிர்க்கோனியாப் பீங்கான் பூச்சொன்றும் வெப்பத்தைத் தடுக்கின்றது. ஆகவே இதழின் வெற்றி உலோகம் ஒன்றின் வெற்றி மட்டுமன்று. காற்றும் பூச்சும் உலோகமும் கூடிப் பெற்ற வெற்றியாகும்.

ஊர்வு ஒன்றே பகையன்று. விமானம் ஏறும்போது இதழ் காய்கின்றது. இறங்கிய பின் ஆறுகின்றது. மீண்டும் மீண்டும் வளைக்கப்படும் கம்பி ஒடிவது போல, இம்மாறுதலால் உலோகம் அயர்ந்து பிளவுறக்கூடும். கடற்காற்றின் உப்பும் எரிபொருளின் கந்தகமும் மேற்பரப்பை அரிக்கும். ஆகவே ஒரு பண்பை மட்டும் வளர்த்தல் போதாது. குரோமியத்தைக் கூட்டினால் அரிப்புக் குறையும். ஆனால் ஊர்வைத் தடுக்கும் பிற உலோகங்களுக்கு இடம் குறையும். இவற்றையெல்லாம் சீர்தூக்கி அளவு கண்டறிவதே கலவை செய்வோரின் கலை.

இத்துறையில் இந்தியாவும் பங்கு கொண்டுள்ளது. ஐதராபாத்தில் 1973-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மிஸ்ர தாது நிகம் என்னும் அரசு நிறுவனம் மீக்கலவைகளை ஆக்குகின்றது. அந்நகரிலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஒற்றைப் படிக இதழ்களை உருவாக்கி, ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக 60 இதழ்களை வழங்கியதாக 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இவ்வித்தையை உடைய நாடுகள் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்றாதல் எளிதன்று.

எனினும் எவ்வுலோகமும் அழியா வரம் பெற்றதன்று. ஊர்வைக் குறைக்கலாம், அறவே ஒழிக்க இயலாது. ஆகவே பொறியாளர் இதழின் வாழ்நாளைக் கணித்து, அது உழைத்த காலத்தைக் குறித்து வைத்து, முறியும் நாள் வருமுன்னரே அதனைக் கழற்றிப் புதியதைப் பொருத்துகின்றனர். உலோகத்தின் வலிமையை அறிந்தது போலவே அதன் எல்லையையும் அறிந்து, அவ்வெல்லையை மறைக்காமல் மதித்து நடப்பதாலேயே பயணிகள் அச்சமின்றி வானிற் செல்கின்றனர். நிக்கலின் எல்லையைக் கடக்க வல்ல பீங்கான் கூட்டுப் பொருள்கள் 2016-ஆம் ஆண்டு முதல் பயணி விமான எஞ்சின்களின் சில உறுப்புகளில் இடம்பெற்றுள்ளன.

பேயின் பெயரால் இகழப்பட்ட உலோகம், இன்று மாந்தரைக் கடல் கடந்து சுமந்து செல்லும் எஞ்சின்களின் உயிர்நிலையாக விளங்குகின்றது. அது தனித்து நின்று இவ்வலிமையைப் பெறவில்லை. குரோமியம் கவசமாயிற்று; அலுமினியமும் டைட்டானியமும் முட்டுக்கட்டைகளாயின; உலையருகே பல்லாயிரம் மணி நேரம் காத்திருந்து, மயிரிழையளவு நீட்சியையும் மறவாது குறித்த மாந்தரின் பொறுமை வழிகாட்டியது. ஒரு கணம் பெருஞ்சுமையைத் தூக்குவது ஆற்றல். அச்சுமையைத் தீயின் நடுவே நெடுநாள் தளராது தாங்குவதே உறுதி. அவ்வுறுதி உள்ளத்து ஒழுங்கினால் வருவது என்பதை நிக்கல் மீக்கலவை காட்டுகின்றது.